சமகாலக் கலைப்படைப்பைப் பார்த்த பிறகு என்ன படிப்பது, எந்த வரிசையில் படிப்பது?

அறை முழுக்கச் சோப்புக் குமிழிகள் மிதக்கின்றன. மேலே பொருத்தியிருக்கும் இயந்திரம் அவற்றை ஊதிக்கொண்டே இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் கையை நீட்டிப் பிடிக்க முயல்கிறார்கள். ஒரு குமிழி கன்னத்தில் பட்டு உடைகிறது, சில்லென்று இருக்கிறது. சுவரோரம் இருக்கும் குறிப்பைப் படிக்கும்வரை இது விளையாட்டு. மெக்சிகோவைச் சேர்ந்த தெரேசா மார்கோலெஸ் 2003இல் உருவாக்கிய 'காற்றில்' என்ற படைப்பு இது. குமிழிகளுக்கான நீர், மெக்சிகோ நகரத்துப் பிணவறையில் உடல்களைக் கழுவப் பயன்பட்ட நீர்.

படித்த மாத்திரத்தில் கன்னத்தைத் துடைக்கக் கை தானாகப் போகும். குமிழிகள் அப்படியேதான் மிதக்கின்றன, அறையிலும் எதுவும் மாறவில்லை. ஒரே ஒரு தகவல் வந்து சேர்ந்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. சற்று முன்பு அந்தக் குமிழியைப் பார்த்து மகிழ்ந்தவருக்குத்தான் இந்தத் தகவல் முழு பலத்தோடு வந்து இறங்குகிறது. வாசலிலேயே குறிப்பைப் படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தவருக்கு அது கிடைக்காது.

சமகாலக் கலையைத் தேடிப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் முதல் எண்ணம் பிழையாக இருந்தாலும் அது உங்களுக்குத் தேவைப்படும். படித்தபின் அது மறைந்துவிடும். மறைந்ததே தெரியாமல் மறைந்துவிடும். அதனால் முதலில் அதைப் பத்திரப்படுத்த வேண்டும், தேடல் அதற்குப் பிறகுதான். கீழே வரும் முறை, கலை வரலாறு எதுவும் படிக்காதவர்கள் தாங்களாகவே செய்யக்கூடியது.

குறிப்பைப் படிக்கும் முன் எழுதுங்கள்

ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனால் ஆய்வுக்கென்று இரண்டு அல்லது மூன்று படைப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவற்றைச் சும்மா பார்த்துக்கொண்டு போகலாம். தேர்ந்தெடுப்பதில் ஒன்று உங்களை ஈர்த்ததாக இருக்கட்டும். ஒன்று கட்டாயம் எரிச்சலூட்டியதாக இருக்கட்டும். பிடித்ததைப் பற்றிப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் நம் ரசனைக்குச் சான்று தேடுவோம். எரிச்சலூட்டியதைப் பற்றிப் படிக்கும்போதுதான் உண்மையான கேள்விகளோடு படிக்கிறோம்.

சுவரில் இருக்கும் பெயரட்டையைப் பார்க்காமல் படைப்பின் முன் சில நிமிடங்கள் நில்லுங்கள். பிறகு ஒரு சிறிய நோட்டில் எழுதுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும், கருத்துக் கலக்காமல். எடுத்துக்காட்டாக ஜரினா ஹாஷ்மியின் ஒரு மரச்செதுக்கு அச்சுப்படத்தைப் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள்: "வெளிர் நிறத் தாள். அதன் குறுக்கே கோணல்மாணலாக ஓடும் தடித்த கறுப்புக் கோடு. கோட்டின் இருபுறமும் சிறு சிறு மைக்கீறல்கள். வேறொன்றும் இல்லை." இவ்வளவு போதும்.

அடுத்து, உடம்பு என்ன செய்தது என்பதை எழுதுங்கள். பக்கத்தில் போனீர்களா, பின்வாங்கினீர்களா, குனிந்தீர்களா, சுற்றி வந்தீர்களா? சமகாலப் படைப்புகளில் பல, பார்வையாளர் எங்கே நிற்பார், எப்படி நகர்வார் என்று திட்டமிட்டுச் செய்யப்பட்டவை. இந்தக் குறிப்பு பிற்பாடு உங்களுக்கே வியப்பளிக்கும்.

அதற்கும் பிறகு, தோன்றியதைத் தோன்றியபடி எழுதுங்கள். "புரியவில்லை", "இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்", "அழகாக இருக்கிறது, ஏனென்று தெரியவில்லை" எதுவானாலும் சரி. யாருக்கும் காட்டப்போவதில்லை, ஆகவே நாகரிகம் பார்க்க வேண்டியதில்லை. கடைசியாக இரண்டு மூன்று கேள்விகள். "இதன் பொருள் என்ன?" என்ற கேள்வியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதற்கு யாரோ எழுதிய ஒரு வாக்கியம் பதிலாகக் கிடைக்கும், தேடல் அங்கேயே நின்றுவிடும். "எதனால் ஆனது? யார் கையால் செய்தார்கள்? எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? ஏன் தரையில் வைத்திருக்கிறார்கள்? இது தேய்ந்தால் என்ன செய்வார்கள்?" போன்ற கேள்விகள் உங்களை நெடுந்தூரம் இட்டுச்செல்லும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சில படைப்புகளில் எழுத்தும் படைப்பின் அங்கம். ராபர்ட் ரவுஷென்பர்க் 1953இல், டி கூனிங் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் ஒரு கோட்டோவியத்தைக் கேட்டு வாங்கி, அதை ரப்பரால் அழித்தார். மிஞ்சியது ஏறக்குறைய வெற்றுத்தாள். சட்டத்துக்குள்ளேயே அதன் தலைப்பும் பெயரும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. அதை எழுதியவர் இன்னோர் ஓவியரான ஜாஸ்பர் ஜான்ஸ். சட்டத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படைப்போடு சேர்த்துப் படியுங்கள். சட்டத்துக்கு வெளியே அருங்காட்சியகம் ஒட்டியிருப்பதைப் பிறகு படிக்கலாம்.

நகரும் முன் எடுத்துக்கொள்ள வேண்டியவை

புகைப்படம் எடுக்க அனுமதி இருந்தால் மூன்று படங்கள் போதும்: படைப்பு, அதன் பெயரட்டை, அறையின் முழுத் தோற்றம். மூன்றாவதைப் பலரும் எடுப்பதில்லை. எதன் அருகில் எதை வைத்திருக்கிறார்கள் என்பதே காட்சியை அமைத்தவரின் கருத்து. வீட்டுக்கு வந்தபின் அது நினைவில் இருக்காது.

பெயரட்டையின் கடைசி வரியில் இருக்கும் சேகரிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பல அருங்காட்சியகங்களில் இந்த எண் படைப்பு அங்கு வந்து சேர்ந்த ஆண்டைக் கொண்டு தொடங்கும். சமகாலக் கலையில் 'தலைப்பில்லாதது' என்ற தலைப்போடு எண்ணற்ற படைப்புகள் இருக்கின்றன. ஒரே கலைஞரே அந்தப் பெயரில் பல செய்திருப்பார். இணையத்தில் தேடும்போது நீங்கள் பார்த்தது எது என்று உறுதி செய்ய அந்த எண் கைகொடுக்கும்.

பொருள் வரியிலிருந்து தொடங்குங்கள்

பெயரட்டையில் கலைஞர் பெயர், தலைப்பு, ஆண்டு இவற்றுக்குக் கீழே, படைப்பு எவற்றால் ஆனது என்று ஒரு வரி இருக்கும். "கித்தானில் எண்ணெய் வண்ணம்" என்று பழைய ஓவியங்களுக்குப் போடுவார்களே, அதே வரி. சமகாலக் கலையில் அந்த அட்டையிலேயே முக்கியமான வரி இதுதான் என்பேன். அதன் கீழே இருக்கும் விளக்கப் பத்தியைவிட நம்பகமானதும்கூட.

கொலம்பியாவின் டோரிஸ் சால்செடோ 1990களில் தொடங்கிச் செய்த 'அட்ராபிலியாரியோஸ்' என்ற படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரில் சிறு மாடங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு மாடத்தின் வாயிலும் மங்கலான, மஞ்சள் படர்ந்த ஒரு தோல் திரை. திரைக்குப் பின்னால் நிழல்போலக் காலணிகள். பெரும்பாலும் பெண்களுடையவை, பழையவை. முதல் பார்வையில் இது ஏதோ அரும்பொருள் காட்சி என்று தோன்றலாம். பொருள் வரியைப் படித்தால் காலணி, விலங்கின் சவ்வு, அறுவைச் சிகிச்சை நூல் என்று இருக்கிறது. இப்போது மறுபடி பாருங்கள். திரை, கறுப்பு நூலால் சுவரோடு தைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு தையலும் தனித்தனியாக, காயத்தைத் தைப்பதுபோல், சுவரின் சாந்துக்குள் இறங்குகிறது. எதற்காக ஒருவர் சுவரைத் தைக்க வேண்டும்? அந்தக் கேள்வியோடு தேடப்போனால்தான், கொலம்பியாவில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைச் சால்செடோ நேரில் சந்தித்துப் பேசியதும், காலணிகள் அந்தக் காணாமல் போனவர்களுக்கு உரியவை என்பதும் தெரியவரும். மங்கலாகத் தெரிவது ஏனென்றும் அப்போது விளங்கும். இருக்கிறார்களா, இல்லையா என்று தெரியாத நிலைக்கு வேறெப்படி உருவம் கொடுப்பது?

கவனியுங்கள், நான் விளக்கப் பத்தியிலிருந்து தொடங்கவில்லை. நூலிலிருந்து தொடங்கினேன். இப்படி வந்தால் கிடைக்கும் தகவல் கண்ணால் பார்த்த ஒன்றோடு ஒட்டிக்கொள்கிறது, மறக்காது.

ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டொரெஸ் 1991இல் செய்த, 'ராஸின் உருவப்படம்' என்று துணைத்தலைப்பு கொண்ட படைப்பு இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. சிகாகோ கலை நிறுவனத்தில் அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நெருங்குவார்கள். அறையின் மூலையில் பளபளக்கும் வண்ணத் தாள்களில் சுற்றிய மிட்டாய்க் குவியல். யார் வேண்டுமானாலும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பொருள் வரி, பல நிறத் தாள்களில் சுற்றிய மிட்டாய்கள் என்கிறது. அளவுக்கு உரிய இடத்தில், நீள அகலம் இல்லாமல், 175 பவுண்டு என்று ஓர் இலக்கு எடை இருக்கிறது, ஏறக்குறைய 79 கிலோ. ஒரு குவியலுக்கு ஏன் எடை? தலைப்பில் ஏன் ஒரு பெயர்? தேடினால், ராஸ் லேகாக் கலைஞரின் காதலர், 1991இல் எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தவர் என்று தெரியும். 175 பவுண்டு என்பது ஆரோக்கியமான காலத்தில் அவருடைய எடை என்றே பலரும் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு மிட்டாயை எடுக்க எடுக்க அந்த உடல் கரைகிறது. அருங்காட்சியகம் மறுபடி நிரப்பலாம். கொன்சாலஸ்-டொரெஸும் 1996இல் அதே நோயால் மறைந்தார்.

இதைப் படித்தபின், "இனிப்பு கொடுத்தார்கள், நன்றாக இருந்தது" என்று நோட்டில் எழுதிய வரியைப் பார்த்து யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்த இனிப்பு படைப்புக்குத் தேவை. நீங்கள் மகிழ்ச்சியாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டதால்தான் அந்தக் கரைதல் நடந்தது.

சில நேரம் பொருள் வரி, நாம் தெரியும் என்று நினைத்ததைக் குலைக்கும். யிங்கா ஷோனிபாரே 2001இல் செய்த 'ஊஞ்சல்', பிரெஞ்சு ஓவியர் ஃபிராகொனார்டின் 18ஆம் நூற்றாண்டு ஓவியத்தைத் தழுவிய, ஆளுயர உருவம். ஊஞ்சலில் ஒரு சீமாட்டி, அவளுக்குத் தலை இல்லை. உடை, கண்ணைப் பறிக்கும் அச்சுத் துணியில் தைத்தது. பார்த்தவுடன் 'ஆப்பிரிக்கத் துணி' என்று எழுதிவிடுவோம். தேடினால், இந்தோனேசியாவின் பாத்திக் துணியைப் பார்த்து டச்சுக்காரர்கள் ஆலையில் அச்சிட்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் விற்ற துணி வகை அது. ஷோனிபாரே அதை லண்டன் சந்தையில் வாங்கினார். 'அசல் ஆப்பிரிக்கா' என்று நாம் முடிவுகட்டியது மூன்று கண்டங்களின் வணிகத்தில் பிறந்த ஒன்று. நம் முதல் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையே இந்தப் படைப்பு காட்டிக்கொடுக்கிறது. அந்த எண்ணத்தை எழுதி வைக்காதவர், "எனக்கு முன்பே தெரியும்" என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஷீலா கௌடாவின் 2009ஆம் ஆண்டுப் படைப்பில் கார்களின் பம்பர்கள் கறுப்புக் கயிறுகளில் தொங்குகின்றன. கயிறு மனிதத் தலைமுடியால் முறுக்கப்பட்டது. மொத்த நீளம் ஏறக்குறைய 4,000 மீட்டர். பெங்களூரில் வண்டிகளுக்குத் தீங்கு வராமல் இருக்கப் பம்பரில் கட்டும் முடிக்கயிற்றிலிருந்து பிறந்த படைப்பு. அந்தப் பழக்கத்தை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் முதல் எண்ணமே வேறு. ஆகவே நோட்டில் எழுதும்போது, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது எது என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்து, எப்படிச் செய்தார்கள் என்று தேடுங்கள்

"இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்" என்று எழுதியிருந்தால் இந்தப் படி உங்களுக்கானது.

ஓன் கவாராவின் தேதி ஓவியம் ஒன்றைத் தனியாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒரு தேதி, அவ்வளவுதான். அச்சடித்ததுபோல் இருக்கும். தேடினால் விதிகள் தெரியவரும். 1966 ஜனவரி 4 அன்று தொடங்கினார். ஒவ்வொரு ஓவியத்தையும் அந்தத் தேதிக்குள்ளேயே கையால் வரைந்து முடிக்க வேண்டும். நள்ளிரவுக்குள் முடியாவிட்டால் அழித்துவிடுவார். எந்த ஊரில் இருக்கிறாரோ அந்த ஊர் வழக்கப்படி தேதி எழுதுவார். அந்த மொழிக்கு ரோமன் எழுத்து இல்லையென்றால் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில். பலவற்றுக்கு அட்டைப்பெட்டி செய்து, அன்றைய செய்தித்தாளின் பக்கங்களை உள்ளே ஒட்டினார். 2014இல் இறக்கும்வரை, அரை நூற்றாண்டுக்கு அருகில், ஏறக்குறைய 3,000 ஓவியங்கள். இப்போது சுவரில் இருக்கும் அந்த ஒற்றைத் தேதி, "இன்று நான் இருந்தேன், இதை முடித்தேன்" என்று சொல்வதாகப் படுகிறது. ஒரு படைப்பு மிகவும் சாதாரணமாகத் தெரிந்தால், அது தனித்து நிற்கிறதா அல்லது ஒரு நீண்ட தொடரின் துண்டா என்று முதலில் பாருங்கள்.

தெஹ்சிங் ஷே என்ற தைவானியக் கலைஞரின் படைப்பு இதைவிடக் கடுமையானது. காட்சியறையில் நீங்கள் பார்ப்பது சுவர் நிறைய வருகைப்பதிவு அட்டைகள், சின்னஞ்சிறு புகைப்படங்கள், ஒரு பதிவுக் கடிகாரம், தொங்கும் சாம்பல்நிறச் சீருடை. ஏதோ அலுவலகத்தின் பழைய கோப்பறைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று அலுப்புத் தட்டும். 1980 ஏப்ரல் 11 முதல் 1981 ஏப்ரல் 11 வரை, இரவும் பகலும், ஒவ்வொரு மணிக்கும் ஒருமுறை அவர் அந்தக் கடிகாரத்தில் அட்டையைச் செருகிப் பதிவு செய்தார். ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுக்கப்பட்டது. தொடக்கத்தில் தலையை மழித்துக்கொண்டதால், படங்களை வரிசையாக ஓட்டினால் ஓராண்டின் முடி ஆறு நிமிடங்களில் தோள்வரை வளர்கிறது. 8,760 பதிவுகளில் 133 தவறின. அதற்கும் கணக்கு வைத்திருக்கிறார்: தூங்கிவிட்டது 94, தாமதமாகப் பதிந்தது 29, முன்கூட்டியே பதிந்தது 10.

இந்த மூன்று எண்களைத் தெரிந்துகொண்டபின் அந்தச் சுவரின் முன் நின்றால் அலுப்பு எங்கே போனதென்று தெரியாது. எந்த இரவிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து தூங்க முடியாத ஒரு வருடம் அது. மேலும் ஒரு செய்தி: அவர் 1974இல் கப்பலிலிருந்து இறங்கி அமெரிக்காவுக்குள் ஆவணமின்றி நுழைந்தவர். தொழிலாளியின் பதிவுக் கடிகாரத்தை, சட்டப்படி வேலை செய்ய முடியாத ஒருவர் வேலையே இல்லாத வேலைக்காக அழுத்திக்கொண்டிருந்தார். இந்தக் கடைசிக் கருத்து என்னுடையது, அவர் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டிலும் இப்படித்தான், தகவலையும் உங்கள் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். ஊகத்தின் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தால்கூடப் போதும்.

ஆண்டையும் இந்தக் கட்டத்தில் சரிபாருங்கள். டேமியன் ஹர்ஸ்டின் கண்ணாடித் தொட்டிச் சுறா 1991ஆம் ஆண்டுப் படைப்பு என்றுதான் குறிக்கப்படுகிறது. முதல் சுறா கெட்டுப்போனதால் 2006இல் வேறொரு சுறா வைக்கப்பட்டது. ஆண்டு, யோசனைக்கு உரியதா, கண்முன் இருக்கும் பொருளுக்கு உரியதா என்று கேட்கப் பழகுங்கள்.

ஊரும் காலமும்

முன்பு சொன்ன கறுப்புக் கோட்டுக்கு வருவோம். ஜரினாவின் அந்த அச்சுப்படம் 2001இல் வெளியானது. தலைப்பு, 'பிரிக்கும் கோடு'. 1947இல் இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த எல்லை அது. ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர் ஐந்தே வாரங்களில் வரைந்த கோடு. ஜரினா 1937இல் அலிகாரில் பிறந்தவர்; அவருடைய குடும்பம் பிற்பாடு பாகிஸ்தானுக்குப் பெயர்ந்தது; அவர் பல நாடுகளில் வாழ்ந்து 2020இல் லண்டனில் இறந்தார். இவ்வளவு தெரிந்தால் கோடு வரைபடமாகிவிடுகிறது.

அதோடு நிறுத்தாமல், செய்முறையையும் சேர்த்துப் பாருங்கள். மரச்செதுக்கு அச்சில், செதுக்கி எடுத்த இடம் வெளுப்பாக வரும். விட்டுவைத்த இடம்தான் மையேற்றுப் பதியும். அதாவது, கோடு கறுப்பாகப் பதிய வேண்டுமென்றால் அதன் இருபுறமும் இருந்த மரத்தையெல்லாம் உளியால் குடைந்து எடுத்திருக்க வேண்டும். இருபுறமும் தெரிந்த அந்த மைக்கீறல்கள், குடைந்ததில் தப்பி மிஞ்சிய மரத்தின் தடங்கள். நாட்டின் நிலம் முழுவதையும் செதுக்கித் தள்ளிவிட்டு எல்லையை மட்டும் நிறுத்தியிருக்கிறார். "சிறு சிறு மைக்கீறல்கள்" என்று முதல் நாளே நோட்டில் எழுதியிருந்தவருக்கு இந்த இடம் கிடைக்கும். எழுதாதவர் வரலாற்றைத் தெரிந்துகொள்வார், கீறல்களைத் தவறவிடுவார்.

யார் சொல்வதை நம்புவது

தேடல் வரிசையாக நான் பரிந்துரைப்பது: முதலில் அந்த அருங்காட்சியகத்தின் இணையச் சேகரிப்புப் பக்கம், சேகரிப்பு எண்ணோடு. அடுத்து, கலைஞரின் மற்ற படைப்புகளின் படங்கள். எழுத்தே இல்லாமல் படங்களை மட்டும் அரைமணி நேரம் பாருங்கள். பிறகு, படைப்பு உருவான ஆண்டுகளை ஒட்டிக் கலைஞர் அளித்த நேர்காணல். கடைசியில்தான் விமர்சகர்கள், அதிலும் பாராட்டிய ஒருவரையும் கடுமையாகத் தாக்கிய ஒருவரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விக்கிப்பீடியாவில் தொடங்கினால் தவறில்லை, அதன் அடிக்குறிப்புகள் வழியாக வெளியே வந்துவிடுங்கள். பழைய கண்காட்சிகளின் அறைப் படங்களைப் பல நிறுவனங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 1929 முதல் நடந்த தன் கண்காட்சிகளின் ஆவணங்களைத் திறந்துவைத்திருக்கிறது.

கண்காட்சி அறிவிப்புகளின் மொழியில் எச்சரிக்கையாக இருங்கள். "அடையாளம், நினைவு, இடம் ஆகியவற்றை ஆராய்கிறது" போன்ற வாக்கியங்களை நோட்டில் ஏற்றாதீர்கள். ஒரு வாக்கியம் பக்கத்து அறைப் படைப்புக்கும் பொருந்துமானால் அது உங்கள் படைப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, அடித்துவிடலாம். ஏல விலையையும் இந்தக் கட்டத்தில் பார்க்காதீர்கள். பார்த்துவிட்டால் மனம் அதைச் சுற்றியே ஓடும்.

அருங்காட்சியகக் குறிப்பும் மனிதர்கள் எழுதுவதுதான். கொன்சாலஸ்-டொரெஸின் மிட்டாய்க் குவியலுக்குச் சிகாகோவில் வைக்கப்பட்டிருந்த குறிப்பில் ராஸின் கதையும் எய்ட்ஸும் விடுபட்டிருப்பதாக 2022இல் எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு குறிப்பு திருத்தப்பட்டது. குறிப்பை மட்டும் நம்பி அந்த இடைவெளியில் பார்த்துப்போனவர்கள் வேறொரு படைப்பைத்தான் பார்த்தார்கள். இதற்கு மறுபக்கமும் உண்டு. தலைப்பையே முழுதாகக் கொடுக்க மறுத்த கலைஞர் அவர். பார்வையாளர் தம் இழப்புகளையும் அங்கே கொண்டுவர இடம்விட்டவர். ராஸின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதைத் தெரிந்தவுடன் "விடை கிடைத்துவிட்டது" என்று நோட்டை மூடிவிடக் கூடாது.

சில கலைஞர்கள் குறிப்பையே புனைவாக்குகிறார்கள். வாலித் ராத், 'அட்லஸ் குரூப்' என்ற பெயரில் லெபனான் உள்நாட்டுப் போர் பற்றிய ஓர் ஆவணக் காப்பகத்தை முன்வைத்தார். டாக்டர் ஃபத்ல் ஃபக்கூரி என்ற வரலாற்றாசிரியர் விட்டுச்சென்ற குறிப்பேடுகள் அதில் இருக்கின்றன. போர்க்காலத்து வரலாற்றாசிரியர்கள் ஞாயிறுதோறும் குதிரைப் பந்தயத்துக்குப் போய், எந்தக் குதிரை வெல்லும் என்று பந்தயம் கட்டாமல், வென்ற குதிரையைப் படக்காரர் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் பதிவுசெய்வார் என்று பந்தயம் கட்டினார்களாம். அப்படி ஒரு வரலாற்றாசிரியர் இருந்ததில்லை. இதைத் தேடலில் கண்டுபிடிக்கும்போது ஏமாந்ததுபோல் தோன்றும். கொஞ்சம் பொறுத்து யோசித்தால், நிகழ்ந்ததைச் சரியான கணத்தில் எந்தப் படமும் பிடிப்பதில்லை என்பதைச் சொல்ல இதைவிடக் கச்சிதமான கதை வேண்டுமா என்று இருக்கும்.

இரண்டாம் குறிப்பு

தேடல் முடிந்ததும் முதல் குறிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் இரண்டாவதை எழுதுங்கள். முதல் குறிப்பில் எதையும் அடிக்கவோ திருத்தவோ வேண்டாம். எந்தத் தகவல் எந்த வரியை மாற்றியது என்று கோடு போட்டு இணைத்தால் நல்லது. மாறாத வரிகளையும் கவனியுங்கள். எவ்வளவு படித்தும் அசையாமல் நிற்கும் ஒரு முதல் உணர்வு, படைப்பில் உண்மையாகவே இருக்கும் ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறது.

எல்லாப் படைப்புகளும் தேடலுக்குப் பின் வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில சுருங்கும். முதலில் பிரமிக்கவைத்த ஒன்று, கலைஞரின் மற்றப் படைப்புகளைப் பார்த்தபின், ஒரே உத்தியின் இன்னொரு நகலாகத் தெரியலாம். கதை உருக்கமாக இருந்தும் படைப்பு அதற்கு ஈடுகொடுக்காமல் போகலாம். இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கதையை மட்டும் ஒரு நண்பரிடம் சொல்லிப் பாருங்கள். படைப்பைப் பார்க்காமலே அவருக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்றால் படைப்பு அங்கே பெரிதாக வேலை செய்யவில்லை. மார்கோலெஸின் குமிழியை இப்படிச் சொல்லிக் கடத்திவிட முடியாது. அது தோலில் உடைய வேண்டும். ஒரு படைப்பு பிடிக்கவில்லை என்று தேடலுக்குப் பின்னும் எழுதலாம். இப்போது அந்த வரிக்குக் காரணம் இருக்கும்.

மறுபடி போகும்போது

முடிந்தால் அதே படைப்பை இன்னொரு முறை நேரில் பாருங்கள். இந்த முறை நோட்டைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, முதலில் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். படித்தது எல்லாம் கண்ணை மறைக்கிறதா, கூர்மையாக்குகிறதா என்று தெரியும்.

பல சமகாலப் படைப்புகள் இரண்டாம் முறை போகும்போது அதேபோல் இருக்காது என்பதையும் மனத்தில் வையுங்கள். ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்னின் பெரிய கூடத்தில் ஏறக்குறைய 10 கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். சீனாவின் ஜிங்தெசென் நகரில் சுமார் 1,600 பேர் ஒவ்வொன்றாகக் கையால் செய்து வண்ணம் தீட்டியவை. முதல் சில நாள்கள் வந்தவர்கள் அதன்மேல் நடந்தார்கள், படுத்துப் புரண்டார்கள். பீங்கான் தூசி உடல்நலத்துக்குக் கேடு என்று தெரிந்ததும் நடப்பது தடைசெய்யப்பட்டது. அதன்பின் வந்தவர்கள் ஓரத்தில் நின்று ஒரு சாம்பல்நிறப் பரப்பைத்தான் பார்த்தார்கள். இரு சாராரும் எழுதிய விமர்சனங்களைப் படிக்கும்போது, எழுதியவர் எந்த நாளில் போனார் என்று பார்க்க வேண்டும்.

எல் அனட்சுயி, மதுபாட்டில் மூடிகளைத் தட்டித் தகடாக்கிச் செப்புக் கம்பியால் கோத்துச் செய்யும் பிரம்மாண்டமான திரைகளுக்கு நிலையான வடிவமே கிடையாது. எப்படி மடித்துத் தொங்கவிடுவது என்பதை அந்தந்த அருங்காட்சியகத்தாரின் முடிவுக்கே பெரும்பாலும் விட்டுவிடுகிறார். ஓர் ஊரில் அலைபோல் விழுந்த படைப்பு, இன்னோர் ஊரில் மலைத்தொடர்போல் புடைத்து நிற்கும். உங்கள் முதல் குறிப்பில் "அந்த மடிப்புதான் மனத்தை அள்ளியது" என்று எழுதியிருந்தால், அந்த மடிப்பு யாருடையது என்று தேட வேண்டிவரும்.

நேரில் போக வழியில்லாவிட்டால், அதே படைப்பு வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டபோது எடுத்த அறைப் படங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் தரை, ஒளி, பக்கத்தில் இருக்கும் படைப்பு, பார்வையாளர் நிற்கும் தூரம் ஆகியவற்றைக் குறியுங்கள். பிறகு நீங்கள் எடுத்த மூன்றாவது படத்தை, அறையின் முழுத் தோற்றத்தை, அந்த வரிசையில் அதற்குரிய தேதியில் சேருங்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும்.